கலைச்சொல் விவாதம்: கணினி ஆட்டம் ஓடும்போதே விழுந்துவிடுவதை ‘முறிவு’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரல் திடீரென நின்று மூடிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘கிரேஷ்’ (crash) என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை நிலைநிறுத்துவது என்று சென்ற வாரம் தொடங்கிய பேச்சில் இதுவரை ‘செயலிழப்பு’, ‘நிலைகுலைவு’, ‘வீழ்ச்சி’, ‘தகர்வு’ ஆகிய நான்கும் வந்திருக்கின்றன. நான் ‘முறிவு’ என்பதைச் சுருக்கமாக முன்வைத்திருந்தேன்; இங்கே காரணங்களோடு விளக்குகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்பதால் இந்தச் சொல் எனக்கு நாள்தோறும் வேண்டியிருக்கிறது. உதிரிப்பாகங்களை வாங்கித் தாங்களே கணினி பொருத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்காக, கடைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்க வழிகாட்டியைத் தமிழில் எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பையன் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு, புதிதாகப் பொருத்திய கணினியைக் கடைக்குத் தூக்கிவந்தான். ஈப்போவில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவன். சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கி, ஒவ்வொரு பாகமாக இணையத்தில் வாங்கியிருக்கிறான். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, படம் பார்க்க முடிகிறது. ஆட்டத்தைத் திறந்தால் மட்டும் இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ ஓடிவிட்டு, எந்த அறிவிப்பும் இன்றி மறைந்து முகப்புத் திரைக்குத் திரும்பிவிடுகிறது. தாயார் முன்பு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கித்தாவை (ரப்பரை) அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு பட்டணத்துக்குக் குடிவந்தவர். “என்ன தம்பி கோளாறு?” என்று அவர் கேட்டார். ‘கிரேஷ்’ என்றால் அவருக்கு விளங்காது என்று எண்ணி, நம் சொற்பட்டியல்களில் உள்ளபடியே, “ஆட்டம் செயலிழந்துவிடுகிறது, அக்கா” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய கணவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறார். அந்த வீட்டில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. “அப்போ இத்தனை வெள்ளி (ரிங்கிட்) போட்டு வாங்குனது போயிருச்சா?” என்று கேட்டார்.

இல்லை அக்கா, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுந்துவிடுகிறது, மறுபடி திறந்தால் ஓடும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “அப்ப இது பட்டை காஞ்ச மரம் இல்ல. காத்துல முறிஞ்ச மரம்.”

மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டை காய்ந்த மரம் இலையோடும் நிழலோடும் நின்றுகொண்டிருக்கும். கத்தி போட்டால் பால் இறங்காது. அதுவே செயலிழப்பு. காற்றில் முறியும் மரமோ நேற்று வரை கோப்பை நிறையப் பால் கொடுத்திருக்கும். ஒரு வீச்சில் பாதியில் ஒடிந்து தொங்கும். முதலாவது ஒரு நிலை, இரண்டாவது ஒரு நிகழ்வு. நாம் பெயர் தேடுவது நிகழ்வுக்கு.

ஒரு பொருள் கெட்டு வேறாவதற்குத் தமிழில் பொதுவினை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை. பானை உடைகிறது, துணி கிழிகிறது, கயிறு அறுகிறது, சுவர் இடிகிறது, மண் சரிகிறது, குச்சி ஒடிகிறது, கிளை முறிகிறது. ஒவ்வொன்றும் அந்தப் பொருளின் இயல்பையும் அது எப்படித் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இவற்றுள் சுமை ஏறிக்கொண்டிருக்கும்போது, தாங்கும் எல்லை கடந்த கணத்தில் நேர்வது முறிதல். ஆட்டம் விழுவதும் அப்படித்தான். எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் அசையாமல் நிற்கும் கணினி, செயலியும் (சிபியு) நினைவகமும் கிராஃபிக்ஸ் அட்டையும் ஒருசேர முழுச் சுமைக்குப் போகும்போதுதான் தோற்கிறது. புதிதாகப் பொருத்திய கணினியின் குறை ஆட்டத்தில் முதலில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

ஈப்போ ஆசிரியர் ஐயா ‘செயலிழப்பு’ ஏற்கெனவே பரவிவிட்டது, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஐயா மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். அந்தப் பையனின் கணினியில் உண்மையில் நடந்தது என்னவென்று பார்த்தால், அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்பது தெரியும்.

முதலில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். கணினியே அணைந்து எழுந்திருந்தால் அதில் ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரில் 41ஆம் எண் நிகழ்வு இருக்கும். ஆட்டம் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் ‘அப்ளிகேஷன் எரர்’ என்ற பெயரில் 1000ஆம் எண் நிகழ்வு இருக்கும். இவனுடையதில் 41 ஒன்றுகூட இல்லை. 1000 பதினொரு முறை பதிவாகியிருந்தது. எந்தக் கோப்பு இயங்கும்போது பிழை நேர்ந்தது என்பதையும் அந்த நிகழ்வு சொல்லும். ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கோப்புக்குரிய மென்பொருளையோ, வன்பொருளை இயக்க உதவும் இயக்கியையோ (டிரைவர்) ஐயுறலாம். இங்கே பெயர்கள் மாறிமாறி வந்தன: ஒருமுறை ஆட்டத்தின் சொந்தக் கோப்பு, மறுமுறை கிராஃபிக்ஸ் இயக்கி, இன்னொரு முறை விண்டோஸின் அடிப்படைக் கோப்பு. பழி இப்படி ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், அவை அனைத்தும் நம்பியிருக்கும் நினைவகத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தபோது நான்கு இடங்களிலும் ராம் எனப்படும் நினைவகத் துண்டுகள் இருந்தன. முதலில் 16 ஜிபி துண்டுகள் இரண்டை ஓர் இணையாக வாங்கியிருக்கிறான். சில மாதம் கழித்து அதே பெயர் கொண்ட இன்னோர் இணையை வாங்கிச் சேர்த்து, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) நினைவகத்தின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ அமைப்பை இயக்கி, நான்கையும் 6000 வேகத்தில் ஓட்டியிருக்கிறான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்பது அந்த ஓர் இணையை மட்டும் வைத்துச் சோதித்த வேகம். இந்த டிடிஆர்5 வகை நினைவகத்தில் நான்கு துண்டுகளைப் போட்டால் அவனுடைய செயலிக்குத் தயாரிப்பாளர் உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இரண்டாம் சுற்றிலேயே பிழைகளைக் குறிக்கும் சிவப்பு வரிகளைக் காட்டியது. பிறகு ஒவ்வோர் இணையையும் தனியே, செயலிப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமாக வரும் இடங்களில் போட்டு ஓட்டினேன். இரண்டு இணைகளும் நான்கு சுற்றுகளையும் பிழையின்றி முடித்தன. ஆக, அந்தப் பெட்டிக்குள் எந்தப் பாகமும் தன் செயலை இழக்கவில்லை. தாங்க முடியாத வேகத்தில் நான்கையும் சேர்த்து ஓட்டியதில் ஒரு கணம் ஒரு எண் மாறிப்போனது, அதை நம்பிய ஆட்டம் விழுந்தது, அவ்வளவுதான். ஓர் இணையைக் கழற்றி உறையில் போட்டுக் கையில் கொடுத்தேன். அன்றிரவு நான்கு மணி நேரம் ஆடியும் ஒன்றும் ஆகவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தான். இதை ‘செயலிழப்பு’ என்று எழுதினால், படிக்கிறவர் நல்ல பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கப் போய்விடுவார்.

இதனால்தான் இந்தச் சொல்லுக்குள் காரணம் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது என்கிறேன். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் ஆட்டங்கள் விழுந்தபோது, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதைப் படிக்கிற எவரும் கிராஃபிக்ஸ் அட்டையைத்தான் ஐயுறுவார்கள். செயலிக்குள் மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறியதே சிக்கல் என்று 2024இல் அந்நிறுவனமே அறிவித்து, ஆகஸ்டில் செயலிக்குள் இருக்கும் நுண்நிரலுக்கு (மைக்ரோகோடு) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திரையில் தெரிந்த காரணம் ஒன்று, உண்மைக் காரணம் வேறொன்று. பழுதுபார்க்கத் தொடங்கும்போது நம் கையில் இருப்பது ‘விழுந்தது’ என்ற செய்தி மட்டுமே. பெயரும் அந்த அளவில் நிற்பதே நேர்மை.

தமிழின் தன்வினையும் பிறவினையும் இங்கே நமக்குப் பெரிய துணை. ‘ஆட்டம் முறிந்தது’ என்னும்போது யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. சோதித்து உறுதியான பிறகு ‘நினைவகம் ஆட்டத்தை முறித்தது’ என்று எழுதலாம். ஓரெழுத்து மாறுவதில் ஐயமும் தீர்ப்பும் பிரிந்துவிடுகின்றன. ‘செயலிழ’ என்பதில் இதற்கு வழியில்லை. ‘செயலிழக்கச் செய்தது’ என்று இழுக்க வேண்டியிருக்கிறது.

மற்ற மூன்றைப் பற்றிச் சுருக்கமாக. ‘நிலைகுலைவு’ நல்ல சொல்தான், ஆனால் அது விழுவதற்கு முன்னுள்ள தள்ளாட்டத்தைக் குறிக்கிறது. அதைக் கணினியின் உறுதியற்ற நிலைக்கு ஒதுக்கி வைப்போம். ‘வீழ்ச்சி’ என்றால் எங்கள் வட்டாரத்தில் கித்தா விலைதான் நினைவுக்கு வரும். அது நாள்கணக்கில் இறங்குவது. ‘தகர்வு’ என்றால் தகர்த்தவர் யார் என்ற கேள்வி உடனே எழும். மலாய்க்காரர் இதற்கு ‘ரானாப்’ என்கிறார்கள். இடிந்து தரைமட்டமாவதற்கு அவர்கள் வழங்கிவந்த சொந்தச் சொல்லையே கணினிக்கும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கில் உள்ள வினையை எடுத்தாளும் துணிவு நமக்கும் வேண்டும்.

முறிவோடு குழப்பக் கூடாத வேறு இரண்டு நிகழ்வுகளும் வழிகாட்டியில் இடம்பெறுகின்றன. ஒன்று, படம் அப்படியே நின்று, சுட்டியும் அசையாமல் போவது. இதற்கு ‘உறைவு’ என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கிராஃபிக்ஸ் அட்டை இரண்டு விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் இயக்கியை மீட்டமைக்கும். அந்த மீட்டமைப்பில் ஆட்டம் முறிவதும் உண்டு. உறைவு முதலில், முறிவு பிறகு என்று எழுத இரண்டு சொற்களும் தனித்தனியே இருந்தால்தான் முடியும்.

மற்றொன்று, கணினி முழுவதும் அணைந்துவிடுவது. மாலை மழைக்காலத்தில் இங்கே இடி இடித்து விளக்கு ஒருமுறை மங்கினால், ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கணினி அணைந்து மீண்டும் எழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. உள்வரும் மின்சாரம் அற்றுப்போனால் கணினியின் மின்வழங்கி (பவர் சப்ளை) 80 விழுக்காட்டுச் சுமையில் தாக்குப்பிடிக்க வேண்டிய நேரமாக, மேசைக்கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் தரம் கேட்பது 17 மில்லிவிநாடி. ஆகவே ஒரு முழுச் சுற்று தவறினாலே கணினி அணையப் போதும். இதற்கும், மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள அணைவதற்கும், விண்டோஸ் அதே 41ஆம் எண்ணைத்தான் எழுதிவைக்கும்; அந்த எண் கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ‘அணைவு’ என்று பெயரிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேதியியல் பாடநூல்களில் அணைவுச் சேர்மம் என்று அச்சொல் வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டதால், ‘திடீரென அணைதல்’ என்று விரித்தே எழுதுகிறேன்.

என் முன்மொழிவுக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். முறிந்தது ஒட்டாது, ஆட்டமோ மறுபடி திறக்கிறது என்று கோலாலம்பூர் நண்பர் எழுதினார். எலும்பு முறிவு கூடுகிறது; காற்றில் முறிந்த கித்தா மரமும் முறிவுக்குக் கீழே துளிர்விடுகிறது. எனவே அந்தத் தடை பெரிதாகத் தோன்றவில்லை. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் மடக்கிலிருந்து (லூப்) வெளியேறும் கட்டளைக்கு ‘முறி’ என்பது தேவைப்படுமே என்று இன்னொருவர் கேட்டார். தமிழிலேயே நிரல் எழுத உதவும் எழில் நிரல்மொழியில் அதற்கு ‘நிறுத்து’ என்ற சொல்லே இருக்கிறது. நல்ல சொல், அதையே தொடரலாம்.

கெடா மாநிலச் சகோதரி எழுப்பிய மறுப்பே என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. ‘முறிவு’, ‘முடிவு’ இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. ‘ஆட்டம் முறிந்தது’ என்பதை ‘ஆட்டம் முடிந்தது’ என்று படித்துவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும் என்றார். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். வழிகாட்டியின் படியைக் கடைக்கு வந்த மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். இருவர் சரியாகப் படித்தார்கள். ஒருவன் ‘முறிவுப் பதிவு’ (கிரேஷ் லாக்) என்பதை ‘முடிவுப் பதிவு’ என்று படித்துவிட்டு, இரண்டு வரி தாண்டிய பிறகு திரும்பி வந்து திருத்திக்கொண்டான்.

ஆகவே முன்மொழிவை இப்படித் திருத்துகிறேன். தலைப்புகளிலும் முதன்முறை வரும் இடத்திலும் ‘திடீர் முறிவு’ என்றும், வினையாக எழுதும்போது ‘முறிந்து விழுந்தது’ என்றும் எழுதுவோம்; தொடர்ந்து வரும் இடங்களிலும் கூட்டுச்சொற்களிலும் ‘முறிவு’ மட்டும் போதும். ‘முறிந்து விழுந்தது’ என்பதை யாரும் ‘முடிந்து’ என்று படிக்கமாட்டார்கள். பின்வரும் ‘விழுந்தது’ கண்ணைத் திருத்திவிடும். மென்பொருள்களைத் தமிழாக்குகிறவர்கள் இக்குழுவில் இருக்கிறீர்கள். சிறிய பொத்தானில், சிறிய எழுத்தில், ‘முறிவு’ என்ற தனிச்சொல் உங்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வழிகாட்டியை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் வரும் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்வேன்.