பழைய கோர் 2 டுவோ கணினியில் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் ஓடுமா?

கேள்வி (கோண்டாவில், யாழ்ப்பாணம்):
அண்ணாமார், வீட்டில் இருப்பது இ8400 சிப் (கோர் 2 டுவோ), 2 ஜிபி ரேம் உள்ள கணினி. பிஎஸ்1 கேம் நன்றாக ஓடுது. பிஎஸ்2 போட்டால் சத்தம் விக்கி விக்கி வருது, படமும் இழுபடுது. தம்பி ஆசையாகக் கேட்கிறான். கையில் 35,000 ரூபாய்தான். ரேம் கூட்டினால் போதுமா?

பதில் 1:
தம்பி, ரேமுக்குக் காசைக் கரைக்காதேங்கோ. பிஎஸ்2 எமுலேட்டருக்கு (கணினியை பிஎஸ்2 போல நடிக்க வைக்கும் மென்பொருள்) சிப்பில் உள்ள ஒவ்வொரு கோரின் வேகமும்தான் முக்கியம். ஏவிஎக்ஸ்2 (ஒரே நேரத்தில் பல கணக்குகளைச் செய்யும் சிப் வசதி) இருந்தால் நல்லது, உங்கட மதர்போர்டில் பொருந்தும் எந்தச் சிப்பிலும் அது இல்லை. ஐ5 4570 சிப் போட்ட பழைய அலுவலக மெஷின் ஒன்றை டவுனில் விசாரியுங்கோ. வாங்க முதல் மூடியைக் கழற்றிப் பாருங்கோ: ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை இறக்கும் உலோகப் பாகம்) தூசி அடைத்திருக்கா, மதர்போர்டில் கப்பாசிட்டர் வீங்கியிருக்கா? அப்படியென்றால் விட்டிடுங்கோ.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. கிராபிக்ஸுக்கு ஜிடி 1030 கார்டு பார்க்கலாம். 30 வாட்தான், தனி பவர் வயர் வேண்டாம். ஆனால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கோ. அதே பெயரில் டிடிஆர்4 கார்டும் வருது, அதன் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணாமார். அப்ப பழைய மெஷினை என்ன செய்யிறது?

பதில் 1:
வைத்திருங்கோ. பிஎஸ்1-க்கு அது தாராளம்.