குரூப் 4: சான்றிதழ் ஏற்றியாச்சு, கலந்தாய்வுக்குக் காத்திருக்கும்போது கையில் இருக்கும் வேலையை விடலாமா?

பருப்புமில் கணக்கர்:

எல்லாருக்கும் வணக்கம். விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறேன். 2024 ஜூன் 9 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்திய குரூப் 4 தேர்வை எழுதி, அக்டோபர் 28 அன்று ரேங்க் வந்தது. பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு, பெண், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. தட்டச்சு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை), சி.ஓ.ஏ. எனும் அலுவலகக் கணினிப் பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறது. கேட்ட சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் எடுத்து ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம், ரேங்க் வரிசையில் கூப்பிட்டு பதவியும் இடமும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கலந்தாய்வு பற்றி ஒரு தகவலும் இல்லை.

டெலிகிராம் குழுவில் ஒருவர் "உங்களுக்கு இளநிலை உதவியாளரே கிடைக்கும்" என்கிறார். அடுத்தவர் "தட்டச்சர்கூட சந்தேகம்தான்" என்கிறார். இரண்டையும் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அம்மா தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய்விடுகிறார். மில் முதலாளி, "மார்ச் கணக்கு முடிக்க இருப்பியா, மாட்டியா? இப்பவே சொல்லு, வேற ஆள் பார்க்கணும்" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சம்பளத்தில்தான் தம்பி காலேஜ் ஃபீஸ் போகிறது. அழைப்பு தபாலில் வருமா? ரேங்க்கை வைத்து ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? மில்லில் என்ன பதில் சொல்லட்டும்?

2022 பேட்ச்:

சகோதரி, முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தபாலில் எதுவும் வராது. அட்டவணை தேர்வாணைய இணையதளத்தில் வரும். எஸ்.எம்.எஸ்., இமெயில் வரலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நீங்களே தினமும் ஒருமுறை தளத்தைப் பாருங்கள், போதும். கலந்தாய்வு நாளைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது.

எங்களுக்கு 2022 ஜூலை 24 தேர்வு நடந்து, 2023 மார்ச் 24 அன்றுதான் முடிவே வந்தது. அந்த எட்டு மாதமும் ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம் "என்னப்பா ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது.

ரேங்க் விஷயம். ஒட்டுமொத்த ரேங்க்கை மட்டும் வைத்துச் சொல்பவர் பேச்சை விடுங்கள். பொதுப் பிரிவு 31 சதவீதம், பி.சி. 26.5 சதவீதம் என்று இடங்கள் பிரியும். அதற்குள் பெண்களுக்கு 30 சதவீதம், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் தனி. உங்களுக்கு முன்னால் இருப்பவர் எந்த இடத்தை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் வாய்ப்பு மாறும். தட்டச்சர் பதவிக்கு தட்டச்சுத் தகுதி உள்ளவர்கள் மட்டுமே போட்டி, அதிலும் இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர்களுக்குத்தான் முதல் முன்னுரிமை. நீங்கள் அந்த வரிசையில் இருக்கிறீர்கள். அறிவிக்கையில் 6,244 ஆக இருந்த காலியிடம் 6,724, 8,932 என்று கூடி 9,491 வரை வந்ததும் உங்களைப் போன்றவர்களுக்கு நல்லதுதான். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

கலந்தாய்வில் உட்கார்ந்திருக்கும்போது மீதி இடங்கள் திரையில் ஓடும். உங்களுக்கு நாலு பேருக்கு முன்னால்வரை இருந்த விருதுநகர் இடம், உங்கள் முறை வரும்போது போயிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. யோசிக்க நேரம் இருக்காது, எடுத்தால் மாற்றவும் முடியாது. எந்த மாவட்டம் வரை போகலாம், எந்தத் துறை சரிவரும் என்று வீட்டில் இப்போதே பேசி, ஒரு தாளில் வரிசையாக எழுதிவையுங்கள்.

மறுபடியும் தேர்வு எழுதுபவன்:

அக்கா, நான் கலந்தாய்வுவரை போய் இடம் கிடைக்காமல் திரும்பியவன். காலியிடத்தைவிட அதிகம் பேரைத்தான் கூப்பிடுவார்கள். அழைப்பு வந்தாலே வேலை என்று அர்த்தம் இல்லை. என் முறை வருவதற்குள் நான் கேட்கக்கூடிய இடங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. வெளியே வந்து சென்னை பிராட்வேயில் ஒரு டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு போன் பண்ண மனசு வரவில்லை. அன்றைக்கு என்னைத் தாங்கியது, கடை வேலையை விடாமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்ததுதான். அடுத்த நாளே வேலைக்குப் போனேன். இப்போதும் கடை முடிந்து வந்து படிக்கிறேன். நீங்களும் படிப்பை நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

அம்மா, இடம் ஒதுக்கியதோடு முடிவதில்லை. பட்டியல் துறைக்குப் போய், அங்கிருந்து பணி நியமன ஆணை வர வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவத் தகுதிச் சான்று எல்லாம் உண்டு. சில துறைகளில் சீக்கிரம் வரும், சிலவற்றில் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஆணை கையில் வரும்வரை மில்லை விடாதீர்கள். முதலாளியிடம் "மார்ச் கணக்கை முடிப்பேன், போவதாக இருந்தால் ஆணை வந்த அன்றே சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். திருமணம் ஆகியிருந்தால் சாதிச் சான்றிதழ் தகப்பனார் பெயரில் இருக்கிறதா? கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. தமிழ் வழிச் சான்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஏற்றிய ஒவ்வொன்றின் அசலும் கையில் இருக்கட்டும்.

பருப்புமில் கணக்கர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, திருமணம் ஆகவில்லை, சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு பள்ளி, ஆறு முதல் பத்து வரை இன்னொரு பள்ளி. இரண்டு தலைமையாசிரியரிடமும் தனித்தனியாக வாங்கியிருக்கிறேன்.

முதலாளியிடம் இன்று பேசிவிட்டேன். மார்ச் கணக்கை முடித்துத் தருகிறேன், பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு டேலி கணக்கு மென்பொருளும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "சரி, அதுக்கு முன்னாடி ஆர்டர் வந்தா போயிட்டு வா" என்றார். தாளும் எழுத ஆரம்பித்தாச்சு. விருதுநகர், மதுரை, தென்காசி, தூத்துக்குடி வரை அம்மா ஒத்துக்கொண்டார். அதைத் தாண்டினால் இன்னும் பேச வேண்டும்.

2022 பேட்ச் அண்ணா, ஒரு சந்தேகம். கலந்தாய்வு காலையிலேயே என்றால் பொதிகை ரயிலில் வந்து சென்னை எழும்பூரில் இறங்கினால் நேரத்துக்குப் போய்விடலாமா, இல்லை முதல் நாளே வந்துவிடுவது நல்லதா?

2022 பேட்ச்:

முதல் நாளே வந்துவிடுங்கள் சகோதரி. ரயில் தாமதமானால் யாரிடமும் காரணம் சொல்ல முடியாது. அம்மாவையோ தம்பியையோ கூட்டி வாருங்கள்.