ஒரு தாம்பாளம், ஒன்பது பேர்: இத்தாலிய ‘ஃபேமிலி ஸ்டைல்’ உணவகத்தில் பில்லைச் சமமாகப் பிரிப்பது நியாயமா?

எடிசன்வாசி:
போன சனிக்கிழமை நண்பனின் பிறந்தநாளுக்கு நியூஜெர்சியில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு ஒன்பது பேர் போனோம். ‘ஃபேமிலி ஸ்டைல்’ என்றார்கள். ஆளுக்கு ஒரு தட்டு என்ற பேச்சே கிடையாது. எதைச் சொன்னாலும் நாலைந்து பேர் சாப்பிடும் அளவுக்குத் தாம்பாளத்தில் வருகிறது, நடுவில் வைத்து அள்ளிக்கொள்ள வேண்டும். எங்களில் நாலு பேர் சைவம். நாங்கள் தொட்டது கத்தரிக்காய் பார்மிஜானா (தக்காளிக் குழம்பும் சீஸும் போட்டுச் சுட்டது), பென்னே வோட்கா (வோட்கா சேர்த்த குழம்பில் பாஸ்தா), சாலட், கடைசியில் டிராமிசு இனிப்பு. மற்ற ஐந்து பேரும் கன்றுக்குட்டி இறைச்சி, கோழி, கணவாய் வறுவல், மட்டி போட்ட லிங்குவினி பாஸ்தா என்று வெளுத்துக்கட்டினார்கள். சாப்பாடு 340 டாலர். வரியும், பெரிய கும்பல் என்று அவர்களே சேர்த்த 18 சதவீத டிப்பும் போட்டு 424. தலைக்கு 47 என்றான் ஒருத்தன். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் என் பங்கு 30ஐத் தாண்டாது. இந்த முறையே ஒரு ஏமாற்று என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பொலோன்யா_பாண்டி:
பில்லை விடுங்கள். நீங்கள் சாப்பிட்டது இத்தாலியச் சாப்பாடே இல்லை. பொலோன்யாவில் மூன்று வருடம் இருந்தவன் சொல்கிறேன். அங்கே உணவகத்தில் ஆளுக்கு ஆள் தனித் தட்டு. முதலில் பாஸ்தா, அதை எடுத்த பிறகுதான் இறைச்சி. கோழியும் ஸ்பகெட்டியும் ஒரே தட்டில் வந்தால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து துக்கம் விசாரிப்பார். அந்த ஊர் வணிகக் கழகத்தில் தாலியதெல்லே பாஸ்தாவின் அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் தங்கத்தில் மாதிரி செய்து பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். பாஸ்தாவுக்கு ஊற்றும் ‘ராகு’ என்ற இறைச்சிக் குழம்பின் செய்முறையை 1982இல் பதிந்தார்கள். அவ்வளவு கறாரான ஜனங்கள். இங்கே என்னடாவென்றால், ஆலிவ் கார்டன் என்ற சங்கிலி உணவகம் பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்பே போடுவதில்லை என்று அதன் தாய் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த முதலீட்டாளர்களே 2014இல் அறிக்கை விட்டார்கள். பாத்திரத்தின் உத்தரவாதம் போய்விடுமாம்!

பழைய_சர்வர்:
பாண்டி, ஆலிவ் கார்டனை இதில் இழுக்காதீர்கள். அங்கே சாலட்டும் ரொட்டியும்தான் பொது, பாஸ்தா ஆளுக்கு ஒரு தட்டு. ‘ஃபேமிலி’ என்பது அவர்கள் விளம்பரத்தில் இருந்தது, அவ்வளவுதான். எடிசன்வாசி சொல்வது வேறு ரகம். மன்ஹாட்டனில் 1990இல் தொடங்கிய கார்மைன்ஸ், அடுத்த வருடம் சிகாகோவில் மஜியானோஸ், 1993இல் மினியாபொலிஸில் பூக்கா டி பெப்போ. இந்தத் தாம்பாள வியாபாரம் சங்கிலிக் கடையாகப் பெருகியது அந்தச் சமயத்தில்தான். பூக்கா 2024இல் திவால் மனுப் போட்டது, அது தனிக் கதை.

வடாம்_அக்கா:
பாண்டி தம்பி, நீங்கள் உணவகத்தைச் சொல்கிறீர்கள், வீட்டைச் சொல்லவில்லை. அந்த மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு இத்தாலிய வீட்டில் மதியம் சாப்பிட்டீர்களா? அங்கே லசான்யா ஆளுக்கு ஒரு தட்டிலா வந்தது?

நான் முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இரண்டாவது வீட்டில் எங்கள் மாடிக்காரப் பாட்டியின் அப்பா அம்மா நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தக்காளிக் குழம்பு அடுப்பில் ஏறிவிடும். அதற்கு அவர்கள் வீட்டுப் பெயர் ‘கிரேவி’. மதியம் இரண்டு மணி வரை கொதிக்கும். இறைச்சி உருண்டை, சாசேஜ், பன்றி எலும்பு எல்லாம் அதற்குள்ளேயே வேகும். நான் சைவம் என்று எனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுத்து வைப்பார், எதுவும் போடுவதற்கு முன்பே. அந்த வாசனை எங்கள் சாம்பார் வாசனையோடு படிக்கட்டில் மல்லுக்கு நிற்கும்.

இதை ‘இத்தாலியச் சாப்பாடே இல்லை’ என்று தள்ளுவது எளிது. 1880 முதல் 1924 குடிவரவுச் சட்டம் கதவைச் சாத்தும் வரை இங்கே வந்த 40 லட்சம் இத்தாலியரில் பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள். ஊரில் இறைச்சி என்பது பண்டிகைக்குத்தான். இங்கே கூலிக்காரனுக்கும் அது எட்டியது. அதனால் உருண்டை பெரிதானது, ஸ்பகெட்டிக்கு மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஊரில் கத்தரிக்காயில் செய்த பார்மிஜானாவை இங்கே கோழியிலும் கன்றுக்குட்டியிலும் செய்தார்கள். கையில் காசு வந்ததும் தட்டு நிரம்பியது, அவ்வளவுதான் விஷயம். எதற்காக அதற்கு வெட்கப்பட வேண்டும்?

பொலோன்யா_பாண்டி:
அக்கா, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை பசலை மாவில் பச்சை லசான்யா செய்வார். பெரிய தட்டு, நடுவில்தான். அவரே வெட்டிப் போடுவார், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். ஆனால் அதில் க்ரீமைக் கொட்டி மூழ்கடிக்க மாட்டார். உங்கள் ஊர் ஃபெட்டுச்சினி ஆல்ஃபிரெடோ பாஸ்தாவைப் பாருங்கள். ரோமில் ஆல்ஃபிரெடோ டி லேலியோ செய்தது வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டும். அதில் மயங்கித்தான் ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அவருக்குத் தங்கத்தில் முள்கரண்டியும் ஸ்பூனும் கொடுத்தார்கள். க்ரீமுக்காக இல்லை!

எடிசன்வாசி:
ஐயா, அம்மா, என் 17 டாலர்?

பழைய_சர்வர்:
வருகிறேன். ஹூஸ்டனில் வளர்ந்தவன் நான். கல்லூரிக் காலத்தில் இப்படி ஒரு இடத்தில் ஒன்றரை வருடம் தாம்பாளம் தூக்கினேன். மணிக்கட்டு இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

உங்கள் தவறு பில் வந்தபோது நடக்கவில்லை, ஆர்டர் சொன்னபோதே நடந்துவிட்டது. இந்தக் கடைகளில் ஆள் எண்ணிக்கையில் பாதி வைத்துச் சொன்னால் போதும். ஒன்பது பேருக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. நீங்கள் எழுதியதை எண்ணினேன், இனிப்பைத் தவிர்த்தே ஏழு வருகிறது. பாதி டப்பாவில் வீட்டுக்குப் போயிருக்கும். அப்புறம் அந்த ரொட்டி. உட்கார்ந்ததும் சூடாக வருகிறதே, அதைக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் எங்களுக்கு. பசியோடு இருப்பவர் கோபக்காரர், ரொட்டி தின்றவர் சாது. ஆனால் அவர்தான் பிறகு தாம்பாளத்தைப் பார்த்து மலைத்து உட்காருபவர்.

இன்னொன்று, உட்கார்ந்ததுமே சர்வரிடம் ‘இரண்டு பில்’ என்று சொல்லியிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பார். கடைசியில் ஒன்பது கார்டை நீட்டினால்தான் எங்களுக்கு உயிர் போகும். சைவக்காரர்களை மேசையின் ஒரு கோடியில் உட்கார வைத்தால் தாம்பாளமும் கலக்காது. கல்யாணப் பந்தியில் செய்யாததா?

18 சதவீதத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். டிப் வாங்கும் வேலைக்கு நாட்டளவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து நகரவில்லை. சில மாநிலங்களில் கூட உண்டு, டெக்சாஸில் அதே 2.13தான். ஒன்பது பேர் மேசை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பத்து டாலர் வைத்துவிட்டுப் போன ராத்திரிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

பச்சைமிளகாய்:
எல்லாரும் பேசிவிட்டீர்கள். எடிசன்வாசி சைவம் என்று சொன்னதை யாரும் கேட்கவில்லையே. கத்தரிக்காய் பார்மிஜானா மேலே தூவியது உண்மையான பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்றால் அது சைவம் இல்லை. பாலைத் திரிக்க அவர்கள் போடுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதுதான் விதி. பெக்கொரினோ ரொமானோ சீஸ் என்றால் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இங்கே அமெரிக்காவில் செய்யும் சில ‘பார்மசான்’ வகைகளில் நுண்ணுயிர் ரென்னெட் போடுகிறார்கள், அது பரவாயில்லை. கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சீசர் சாலட் என்றால் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி இருக்கும். டிராமிசுவில் முட்டை. வோட்கா உங்கள் மனசாட்சி.

எடிசன்வாசி:
அப்படியென்றால் அவர்கள் தின்ற கன்றுக்குட்டிக்கும் கொடுத்து, நானும் கன்றுக்குட்டியைத் தின்றேனா?

வடாம்_அக்கா:
ஐயோ பாவம். மிளகாய், இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சமமாகப் பிரித்தது தப்புதான் என்பது என் கட்சி. பகிர்ந்து சாப்பிடுவது வேறு, பகிர்ந்து கட்டுவது வேறு. மாடிக்காரப் பாட்டி எனக்குத் தனிச் சட்டி வைத்தார், பில் கொடுக்கவில்லை. கடையில் அதே பாசத்தை எதிர்பார்த்து, கடைசியில் ஒன்பதால் வகுப்பது யாருக்கும் சரிப்படாது.

பொலோன்யா_பாண்டி:
நான் எதிர்க்கட்சி. இத்தாலியில் நண்பர்கள் கூட்டமாகப் போனால் ‘அல்லா ரொமானா’ என்று ஒரு வழக்கம், ரோமானிய முறை. மொத்தத்தைத் தலைக்குச் சமமாக வகுப்பார்கள். யார் என்ன தின்றார் என்று கணக்குப் பார்ப்பவனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். கணக்குப் பார்க்கிறவர் பந்திக்கு வரக்கூடாது, தனித் தட்டுக் கடைக்குப் போகலாம்.

ஓர_நாற்காலி:
ஒரு வாரமாக எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன், இனி முடியாது. அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். எடிசன்வாசி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். கத்தரிக்காய்த் தாம்பாளம் வந்ததும் ‘இது சைவம், இது சைவம்’ என்று தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டவர் அவர். எனக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர், ஒரு துண்டு கிடைக்கவில்லை. டிராமிசு ஒன்பது பேருக்கு ஒரு தட்டு, அதில் மூன்று கரண்டி அவருடையது. மிச்சமான பென்னே டப்பா இரண்டும் யார் காரில் போயின என்று கேளுங்கள். கன்றுக்குட்டிக்கு நான் கொடுக்கத் தயார். டப்பாவுக்கு அவர் கொடுப்பாரா?

எடிசன்வாசி:
டேய், நீயா? டப்பாவை நீதானே ‘எடுத்துக்கொண்டு போ’ என்று கையில் திணித்தாய்! திங்கட்கிழமை ராத்திரி அதில் கடுகு, பெருங்காயம், பச்சைமிளகாய் தாளித்துப் போட்டோம். பாண்டி படிக்க வேண்டாம்.

பொலோன்யா_பாண்டி:
படித்துவிட்டேன்.

ஓர_நாற்காலி:
அடுத்த மாதம் என் பிறந்தநாள். அதே கடை, ஐந்தே தாம்பாளம், உட்கார்ந்ததும் இரண்டு பில். கத்தரிக்காய் மேசை நடுவில் இருக்கும். வருகிறாயா?

எடிசன்வாசி:
வருகிறேன். பூண்டு ரொட்டி எந்த பில்லில்?