சமையல் மேடைக்குக் கிரானைட்: அளவை இப்போதே கொடுக்கலாமா?

காவிரிக்கரை:
ஸ்ரீரங்கத்தில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். முப்பது வருடம் உழைத்த கடப்பாக் கல் மேடையை எடுத்துவிட்டு, ‘எல்’ வடிவில் கிரானைட் போட எண்ணம். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 6 அடி. உயரம் 34 அங்குலம் என்கிறார் தச்சர். அம்மா 4 அடி 11 அங்குலம்தான். பழைய மேடையிலேயே எக்கி நின்றுதான் குழம்புச் சட்டிக்குள் பார்ப்பார். சுவர்ப் பூச்சு இன்னும் முடியவில்லை. கடைக்காரரோ, “அளவைக் கொடுங்கள், வெட்டி வைத்துவிடுகிறேன்” என்று அவசரப்படுத்துகிறார். கொடுத்துவிடலாமா? கறுப்புக் கிரானைட்டா, வெள்ளைக் குவார்ட்ஸா என்பதிலும் குழப்பம்.

உளிச்சத்தம்:
கொடுக்காதீர்கள், சகோதரி. ஓசூரில் 17 வருடமாகக் கல் அறுக்கிறேன். பூச்சுக்கு முன் எடுத்த அளவை நம்பி அறுத்த கல்லை வாசலில் வைத்து மறுபடி அறுக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். பூச்சு காயட்டும். பிறகு மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரு குறிகளுக்கும் இடையே நாடாவைப் பிடியுங்கள். 5 அடி வந்தால் மூலை நேர். வராவிட்டால் அட்டையைச் சுவரோடு ஒட்டி வைத்து அச்சு வெட்டிக் கொடுங்கள்.

சிங்க்கும் அடுப்பும் கைக்கு வந்த பிறகே துளை வெட்ட வேண்டும். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் குறுகிய பட்டைதான் கல்லிலேயே பலவீனமான இடம். இணைப்பு அங்கே வரக் கூடாது. தூக்கும்போதும் கல்லைப் படுக்க வைக்காமல் கதவைப் போல் நிறுத்தித் தூக்கச் சொல்லுங்கள். முன்விளிம்பின் அடியில் நீளவாட்டில் ஒரு கோடு கீறச் சொன்னால், வழியும் தண்ணீர் உள்ளே ஓடி அலமாரியை நனைக்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

உயரத்துக்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டும். முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே குறியுங்கள். அடுப்பு நிற்கும் பக்கத்தை இன்னும் 3 அங்குலம் தாழ்த்தினால் எக்க வேண்டியிருக்காது.

மணத்தக்காளி:
குவார்ட்ஸ் என்பது கல்பொடியைப் பிசின் சேர்த்து இறுக்கியது. எங்கள் வீட்டில் வடைச் சட்டியை அப்படியே இறக்கி வைத்த இடத்தில் மஞ்சள் வட்டம் விழுந்தது, எதற்கும் போகவில்லை. கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் கறுப்பு என்று சாயம் ஏற்றிய கல்லையும் தள்ளிவிடுவார்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம்.

உளிச்சத்தம்:
குவார்ட்ஸைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அதை அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலை அழிக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. கிரானைட் தூசியும் நல்லதல்ல. எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றி, முகக்கவசம் போட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கிற பையன்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. இன்று காலை அம்மாவை நிற்க வைத்து அளந்தோம். முழங்கை 37 அங்குலத்தில் இருக்கிறது. மேடை 32, அடுப்புப் பக்கம் 29 என்று தச்சரிடம் சொல்லிவிட்டேன். பூசி முடித்த மூலையில் நாடா பிடித்தால் 5 அடி 1 அங்குலம் காட்டுகிறது! குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், அச்சு வெட்டுவதற்கு.