90,000 டாலருக்குள் இருவர் அமரும் விமானம்: கட்டுமானத் தரத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஆடிக்காற்று (டெக்சஸ்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு, சிறு விமானங்களை மட்டும் ஓட்டுவதற்கான ஸ்போர்ட் பைலட் உரிமம் பெற்றேன். இதுவரை பயிற்சிப் பள்ளியின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டி வந்தேன். இப்போது நானும் என்னுடன் பணிபுரியும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, ஏற்கெனவே ஓடிய, அந்த உரிமத்துக்கு ஏற்ற லைட் ஸ்போர்ட் பிரிவு விமானம் ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மூவரும் சேர்ந்து போடக்கூடிய தொகை 90,000 டாலர். அதில் 10,000 டாலரைப் பின்னால் வரும் பழுதுக்காகத் தொடாமல் வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கும் நிலை வரக் கூடாது என்பதால் நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

பார்த்து வைத்திருப்பவை நான்கு. 2007இல் கட்டப்பட்ட ஃப்ளைட் டிசைன் சி.டி.எஸ்.டபிள்யூ. ஒன்று, 2010ஆம் ஆண்டின் செஸ்னா 162 ஸ்கைகேட்சர் ஒன்று, ஓக்லஹோமாவில் ஒருவர் கிட் (பாகத் தொகுப்பு) வாங்கித் தம் கையாலேயே கட்டிய வான்ஸ் ஆர்.வி.-12 ஒன்று, நான்கிலும் விலை குறைவான சோடியாக் 601 எக்ஸ்.எல். ஒன்று.

எங்கள் மூவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்த வகை விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., வடிவமைப்பைச் சோதித்துத் தரும் வகைச் சான்றிதழையே தருவதில்லை, தயாரித்தவர் சொல்வதுதான் சான்று, ஆகையால் தரம் என்று எதையும் நம்ப முடியாது என்கிறார் ஒருவர். சீனாவில் செய்த ஸ்கைகேட்சரைப் பார்க்கவே வேண்டாம் என்கிறார் மற்றவர். நானோ ஸ்கைகேட்சரை நேரில் போய்ப் பார்த்தேன். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசைகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன, கதவு சரியாகப் பொருந்தியது, ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை. தட்டிப் பார்த்து வாங்குவதற்கு இது தேங்காய் அல்லவே. கட்டுமானத் தரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுகிறீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய ஹேங்கர்

வணக்கம். இருபது ஆண்டுகளாக விமான மெக்கானிக்காக இருக்கிறேன். வாங்குவதற்கு முந்தைய சோதனைதான் இப்போது என் வேலையில் பெரும்பகுதி.

உங்கள் முதல் நண்பர் சொல்வதில் பாதி சரி. 2004இல் இந்தப் பிரிவை உருவாக்கியபோது, 600 கிலோ எடைக்கும் இரண்டு இருக்கைகளுக்கும் உட்பட்ட விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்றும், ஏ.எஸ்.டி.எம். அமைப்பு வகுத்த தரநிலைகளைப் பின்பற்றியதாகத் தயாரிப்பாளரே எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்றும் எஃப்.ஏ.ஏ. விதித்தது. சில ஆண்டுகள் கழித்து அவர்களே தயாரிப்பாளர்களின் இடங்களுக்கும் விற்பனையாளர்களின் இடங்களுக்கும் நேரில் சென்று பார்த்து, 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றால், தாங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்தபடியே விமானம் இருக்கிறது என்பதை முழுமையாக நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். விமானங்கள் மோசம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நன்றாக இருக்கின்றன என்று காட்டும் தாள் பலரிடம் இல்லை என்றே சொன்னது. ஒரு பொறியாளருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சோடியாக்கின் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பறக்கும்போதே இறக்கை முறிந்த விபத்துகள் தொடர்ந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., 601 எக்ஸ்.எல். விமானங்கள் பறப்பதையே தடுக்குமாறு எஃப்.ஏ.ஏ.வைக் கேட்டுக்கொண்டது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் இருக்கும் ஏலெரான் என்ற அசையும் தகடு படபடத்து அதிர்வு முற்றுவது ஒரு சந்தேகம். இறக்கையின் வலிமைக் கணக்கு இன்னொன்று. அந்த ஆண்டின் இறுதியில் இறக்கையைத் தாங்கும் ஸ்பார் என்ற முதன்மை உத்தரத்தை வலுப்படுத்தி, ஏலெரானுக்கு எதிரெடை சேர்க்கும் மாற்றத் தொகுப்பு வந்தது. அதை முழுமையாகச் செய்த சோடியாக்கைப் பார்க்கலாம். எந்தத் தேதியில், யார், எந்தெந்தப் பாகங்களைக் கொண்டு செய்தார் என்று பதிவேட்டில் வரி வரியாக இல்லையென்றால் விலை பேசவே வேண்டாம்.

இரண்டாவது நண்பர் பேசுவது நாட்டைப் பற்றி. நான் அந்தக் கணக்கை எப்போதோ விட்டுவிட்டேன். ஸ்கைகேட்சர் சீனாவின் ஷென்யாங்கில் உருவாகி, பிரித்து அனுப்பப்பட்டு, அமெரிக்காவின் விச்சிட்டாவில் மீண்டும் பூட்டப்பட்டது உண்மை. சி.டி.எஸ்.டபிள்யூ. ஜெர்மன் பெயர் தாங்கி, உக்ரைனின் கெர்சோனில் பிறந்தது. ஸ்கைகேட்சருக்கு 2008 செப்டம்பரிலும் 2009 மார்ச்சிலும் சுழல் சோதனையின்போது (விமானத்தை வேண்டுமென்றே சுழன்று விழவிட்டு மீட்கும் சோதனை) நேர்ந்த இரண்டு விபத்துகளும் வடிவமைப்பைச் சார்ந்தவை. வால் பகுதியை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். ஷென்யாங் தொழிலாளியின் ரிவெட் துப்பாக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த விமானத்தைச் சாய்த்தவை எடையும் விலையும்தான். 2007இல் 1,09,500 டாலர் என்று அறிவித்தார்கள். 2011இல் அது ஏறத்தாழ 1,50,000 ஆயிற்று. விற்காமல் மிஞ்சியவற்றை 2016இல் உடைத்தே போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நேர்த்தியான ரிவெட் வரிசையை நீங்கள் பார்த்தது நல்லதுதான், ஆனால் அது வாங்குபவர் பார்ப்பார் என்று தயாரித்தவருக்குத் தெரிந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விமானத்தைச் சோதித்தேன். தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. இருக்கைக்கு அடியில் இருந்த தகட்டின் எட்டுத் திருகுகளைக் கழற்றினேன். எரிபொருள் குழாயைப் பிடித்து நிறுத்த வேண்டிய இரண்டு கவ்விகளில் ஒன்று பூட்டப்படவே இல்லை. குழாய், தகட்டின் வெட்டு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து, வெளி ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. அருகிலிருந்த நட்டுகளில், முறுக்கிச் சரிபார்த்ததற்கு அடையாளமாக இடும் வண்ணக் கோடு மூன்றில் இருந்தது, நான்காவதில் இல்லை. அந்த நான்காவதை விரலாலேயே சுழற்ற முடிந்தது. பின்னால் யாரும் கழற்றியதற்கான பதிவு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 300 மணி நேரம் பறந்திருக்கிறது.

ஆகவே தரத்தை மூடிய தகடுகளுக்குப் பின்னால் தேடுங்கள். உலோக விமானமானால், துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கை முனையை நெருங்கும்போது அவசரத்தில் இது குறையும். ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் அது உள்ளே அசைகிறது என்று பொருள். அதைப் புகைக்கும் ரிவெட் என்போம். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களில் துரு தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பாருங்கள்.

சி.டி.எஸ்.டபிள்யூ. போன்ற கார்பன் இழை விமானத்துக்கோ, நீங்கள் கேலியாகச் சொன்ன தேங்காய் வித்தைதான் உண்மையான சோதனை! ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள்; கணீரென்று கேட்டுவந்த ஒலி ஓரிடத்தில் மொத்தென்று இறங்கினால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். இந்த வகை விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல, வெயிலில் பிசின் இளகாமல் இருக்கத்தான். டெக்சஸில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சி.டி.எஸ்.டபிள்யூ. வாங்குவதானால் மேலும் இரண்டு செலவுகளை எழுதி வையுங்கள். ஆபத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் அதன் பாராசூட்டை 6 ஆண்டுக்கு ஒருமுறை மடித்துக் கட்ட வேண்டும், அதை வெளியே இழுக்கும் ராக்கெட்டை 12 ஆண்டில் மாற்ற வேண்டும்; இரண்டும் ஆயிரக்கணக்கில் போகும். அதில் உள்ள ரோடாக்ஸ் 912 இன்ஜினின் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது அதன் கையேடு. விற்பவர் “இன்ஜின் 400 மணிதான் ஓடியிருக்கிறது” என்று பெருமையாகச் சொன்னால் மகிழாதீர்கள். 2007 முதல் 400 மணி என்றால் ஆண்டுக்குச் சுமார் 20 மணி. இன்ஜின் பெரும்பாலும் நின்றே இருந்திருக்கிறது, ரப்பருக்கு அதுதான் பகை.

மறுமொழி: சுக்கான்

மேலே எழுதியவரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எடையை அவர் ஒரு சொல்லோடு கடந்துவிட்டார். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விமானங்களின் மொத்த எடைக்கு உச்சவரம்பு 1,320 பவுண்டு, அதாவது மேலே சொன்ன 600 கிலோ. ஸ்கைகேட்சரின் வெற்று எடையே ஏறத்தாழ 830 பவுண்டு; மிச்சம் 490. நீங்களும் நண்பரும் சேர்ந்து 365 பவுண்டு என்று கொண்டால், எரிபொருளுக்கும் பைக்கும் சேர்த்து 125 பவுண்டுதான். தொட்டியை நிரப்பினாலே வரம்பு தாண்டிவிடும். ஆர்.வி.-12இன் வெற்று எடை 750 பவுண்டு அளவில் இருக்கும். அதே இருவரும் அமர்ந்து, தொட்டியின் 20 கேலனையும் நிரப்பிய பிறகும் பைகளுக்கு இடம் இருக்கும். மிதமிஞ்சிய எடையோடு பறக்கும் விமானத்தில் எவ்வளவு நல்ல கட்டுமானமும் வீண்.

நான் ஆர்.வி.-12 கட்டியவன் என்பதால் எனக்குச் சார்பு உண்டு. அதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். கிட் விமானத்தில் தரத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: பாகம் செய்த தொழிற்சாலையும் பூட்டிய ஆளும். தகடுகளில் துளைகள் முன்பே குத்தப்பட்டு வருவதால், கோணலாகக் கட்டுவது கடினம். ஆனால் தவறே நேராது என்பதில்லை. இறக்கையின் வேர்ப் பகுதியில் ஒரு துளையை நானே அகலப்படுத்திவிட்டேன்; அடுத்த அளவு ரிவெட்டைப் போட்டு மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு விலா எலும்பு என்று நாங்கள் சொல்லும் அந்த உள் சட்டத்தையே புதிதாக வரவழைத்தேன். ஓக்லஹோமாக்காரரிடம் “எந்தப் பாகத்தைத் திரும்ப வாங்கினீர்கள்?” என்று கேளுங்கள். “ஒன்றும் இல்லை” என்று சட்டென்று சொல்பவரைவிட, உடனே மூன்றைச் சொல்பவரை நான் நம்புவேன். கட்டும்போது எடுத்த புகைப்படங்களையும் கேளுங்கள். இப்போது மூடிக்கிடக்கும் இடங்கள் அவற்றில் திறந்திருக்கும்.

தொழிற்சாலைப் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. வான்ஸ் நிறுவனம் பஞ்ச் இயந்திரத்துக்குப் பதிலாக லேசரால் துளையிட்ட சில பாகங்களில், துளை விளிம்புகளில் விரிசல் காணப்பட்டது. அந்தச் சிக்கலும் சேர்ந்து 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரும் நிலைக்குப் போயிற்று, பிறகு மீண்டது. அது அண்மைய கிட்களின் விவகாரம். ஆகவே விமானம் எப்போது பறக்கத் தொடங்கியது என்பதைவிட, பாகங்கள் எப்போது வாங்கப்பட்டன என்று கேளுங்கள். பின்னால் மாற்றிய பாகங்களுக்கும் அதே கேள்வி.

இன்னொன்று: கிட்டாகக் கட்டியது பெரும்பாலும் பரிசோதனைப் பிரிவில் பதிவாகியிருக்கும். அதை வாடகைக்கு விட முடியாது. ஆனால் உங்களில் ஒருவர் 16 மணி நேரப் பயிற்சி முடித்துவிட்டால், ஆண்டுச் சோதனையை நீங்களே செய்து கையொப்பமிடலாம். தொழிற்சாலையில் கட்டிய லைட் ஸ்போர்ட் விமானத்தில் ஒரு வானொலிக் கருவியை மாற்றவும் தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி தேவைப்படலாம். நிறுவனம் மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: ஆடிக்காற்று

இருவருக்கும் நன்றி. சோடியாக்கின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். “மாற்றங்கள் செய்யப்பட்டன” என்று ஒரே வரி, பாகப் பட்டியல் இல்லை. விட்டுவிட்டோம். எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஸ்கைகேட்சரும் போயிற்று, ஏனெனில் எங்கள் மூவரில் ஒருவர் 220 பவுண்டு. ஒரு ஐயம் மட்டும். ஸ்போர்ட் பைலட் ஓட்டக்கூடிய விமானங்களின் வரம்பை விரித்த மோசாய்க் விதி நடைமுறைக்கு வந்துவிட்டதால், இந்த விலையில் பாதிக்கே கிடைக்கும் பழைய செஸ்னா 150ஐ வாங்குவது மேல் அல்லவா? அதற்கு வகைச் சான்றிதழும் இருக்கிறதே.

மறுமொழி: பழைய ஹேங்கர்

2025 அக்டோபர் 22 முதல், இறக்கையின் ஃப்ளாப் மடிப்புகளை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது) மணிக்கு 59 கடல் மைலுக்கு மிகாத விமானங்களை ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம் என்பதால், 150 தாராளமாக உள்ளே வருகிறது. முன்பு அதன் 1,600 பவுண்டு எடைதான் தடையாக இருந்தது. கட்டுமானம் பற்றி ஐயமே வேண்டாம், அரை நூற்றாண்டு பறந்து காட்டியிருக்கிறது. ஆனால் அந்த அரை நூற்றாண்டில் எத்தனை மாணவர்கள் அதைத் தரையில் மோதி இறக்கினார்கள், எத்தனை ஆண்டு கடலோரத் திறந்தவெளியில் நின்றது என்பதை நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு விமானம்தான் சொல்லும். உள் தகடுகள் பலவற்றில் தொழிற்சாலைப் பூச்சே கிடையாது. ஆண்டுச் சோதனையில் நீங்களாகக் கையொப்பமிடவும் முடியாது. தவிர, 220 பவுண்டு நண்பருக்கும் இன்னொருவருக்கும் அந்த இருக்கைகள் தோளோடு தோள் இடிக்கும். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, ஓட்டும் கைப்பிடியைத் திருப்பும்போது முழங்கை தடுக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஓக்லஹோமாவுக்குத்தான் முதலில் போவேன். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் எரிபொருள் தொட்டியின் பொருத்துகளையும், இறக்கையைக் கழற்றிப் பூட்டும் ஊசிகள் நுழையும் துளைகளையும் முதலில் பாருங்கள். இறக்கை முனையைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டும்போது அங்கே ‘டக்’ என்று கேட்கக் கூடாது. போவதற்கு முன்பே தொலைபேசியில், தரைத் தகடுகளைக் கழற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆடிக்காற்று

சொல்லிவிட்டேன். “நீங்கள் வருவதற்குள் நானே கழற்றி வைக்கிறேன்” என்றார். வேண்டாம், நாங்கள் வந்த பிறகு சேர்ந்தே கழற்றுவோம் என்று கேட்டுக்கொண்டேன். வரும் சனிக்கிழமை காலை கிளம்புகிறோம்.