புதுப்பிப்பு: லோரோங் ஹாலுஸ் ஈரநிலம் பற்றி நீங்கள் கேட்டவை

பழைய குப்பைமேட்டிலிருந்து கசியும் நீரை சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸில் செடிகள் சுத்திகரிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். "செடி எப்படிச் சுத்தம் செய்யும்? கொசு வராதா? வீவக (அரசு அடுக்குமாடி) வட்டாரங்களிலும் செய்யலாமே?" என்று கேட்டிருந்தீர்கள்.

வேலையில் பெரும்பங்கு செடியுடையதல்ல, வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாவுடையது. குப்பைமேட்டுக் கசிவில் அம்மோனியா அதிகம். நாணல், சம்பைப் புற்கள் தண்டு வழியாக வேருக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகின்றன. அங்குள்ள பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். சற்றுத் தள்ளி, ஆக்சிஜன் இல்லாத இடத்தில், வேறு பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஒரே செடிப்படுகையில் இரண்டும் நடப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கொசுவைப் பொறுத்தவரை, படுகையின் வடிவமைப்பே முக்கியம். நீர் சரளைக்கு அடியில் ஓடினால் கொசு முட்டையிட இடமில்லை. திறந்த குளம் என்றால் கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் வேண்டும். டெங்கி உள்ள ஊரில் இதில் அலட்சியம் கூடாது.

அப்புறம், வீட்டுக் கழிவுநீர். வெப்ப நாடுகளில்கூட ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 சதுர மீட்டர் படுகை தேவை. அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் இங்கே அந்த நிலம் கிடைக்காது. நம் கழிவுநீர் ஆழ்குழாய்களில் போய் சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீரான நியூவாட்டராகத் திரும்புவதே இங்கே சரி.

மழைநீருக்கு நிலைமை வேறு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012 முதல் வளைந்து ஓடுகிறது. அங்கேயே நீரை வடிகட்டும் செடிப்படுகையும் இருக்கிறது. உங்கள் பேட்டையில் வடிகால் சீரமைப்பு வந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.