புதுப்பிப்பு: அந்த ஹீரோவை நெர்ஃப் செய்ய (வலுவைக் குறைக்க) வேண்டுமா?

நாம் ஆடும் ஆன்லைன் கேமில் ஒரு ஹீரோ (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பாத்திரம்) அளவுக்கு மீறி வலுவாக இருக்கிறது என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். வெற்றி விகிதம் சரியாகத்தானே இருக்கிறது என்று பலர் கேட்டீர்கள். ரேங்க் (ஆடுபவர்களின் திறமை நிலை) வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கீழ் ரேங்கில் அடித்து நொறுக்குகிறது, மேலே யாரும் எடுப்பதே இல்லை. மொத்தச் சராசரி இதை மறைத்துவிடுகிறது. அதனால் அதன் டேமேஜை (அடியின் வலுவை) குறைப்பதைவிட, எதிராளி சுதாரிக்கக் கொஞ்சம் நேரம் கொடுப்பதே சரி.

எண்களை மட்டும் திருத்தினால் போதாத நேரமும் உண்டு. ஓவர்வாட்ச் என்ற கேமில் 3 டேங்க் (அடி தாங்குபவர்), 3 சப்போர்ட் (குணப்படுத்தி உதவுபவர்) கொண்ட அணிகளின் ஆதிக்கத்துக்குப் பிறகு, 2019-இல் டேங்க், டேமேஜ் (தாக்குபவர்), சப்போர்ட் என ஒவ்வொரு பொறுப்புக்கும் 2 பேர் என்றே விதித்தார்கள். ஆனால் டேமேஜ் ஆட விரும்புவோர் அதிகம் என்பதால், அவர்கள் ஆட்டம் கிடைக்க வரிசையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், அந்த ஹீரோவை எடுப்பவரைச் சாட்டில் திட்டாதீர்கள். அவர் விதிக்குள்தான் ஆடுகிறார்.